கரடியின் குடும்பப் படம்

கம்பளி போர்த்தியிருப்பாள், குளிர்காய மாட்டாள். புற்றைத் தோண்டுவாள், பாம்பைத் தேட மாட்டாள். பிள்ளையை முதுகில் சுமப்பாள், தொட்டில் கட்ட மாட்டாள். யார் அவள்?

கரடி என்று உடனே சொல்லிவிட்டீர்கள். சங்கிலிக்கு அதைக் கரடியே நேரில் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

சங்கிலி ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். மச்சினன் பிச்சாண்டி கேமரா ஸ்டாண்டைத் தூக்குவான். கோமதிநாயகம் குடை லைட்டைப் பிடிப்பான். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் இந்த மூவர்தான். கண் மூடிய முகத்தைச் சங்கிலி யாருக்கும் படமாகக் கொடுத்ததில்லை. "கண்ணு மூடுனா படம் செல்லாது" என்று திரும்ப எடுப்பார்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் ஆவுடையின் வகுப்பில் இரண்டு பெரிய அட்டைகள் தொங்கின. ஒன்றில் காட்டு விலங்குகள், மற்றதில் வீட்டு விலங்குகள். மற்றப் பிள்ளைகள் காலண்டரிலிருந்து புலியும் பசுவும் வெட்டி ஒட்டினார்கள். ஆவுடை மட்டும் எழுந்து, "எங்கப்பா நெசக் கரடியையே படம் எடுத்துட்டு வருவாங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து சங்கிலிக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் மலையடிவாரத் தேசியப் பூங்காவுக்குப் போனார்கள். வனக்காவலர் தளவாய், கறையான் புற்றுகளுக்கு எதிரே இருந்த கல் மறைவுக்குள் அவர்களை உட்காரவைத்தார்.

"கரடி வந்துட்டா அசையக்கூடாது. என்ன?"

"அசையமாட்டோம் சார்."

வெயில் ஏறுமுன் கரடி வந்தது. முதுகில் குட்டி. புற்றைப் பிளந்து, மூக்கை உள்ளே விட்டு, பந்தியில் பாயசம் குடிப்பதுபோல் சத்தமாகக் கறையானை உறிஞ்சியது. இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது. சாவகாசமாகப் போய்விட்டது.

"எடுத்தாச்சா?" என்று கேட்டார் தளவாய்.

"எப்படி சார் எடுக்க? பட்டனை அமுக்குனா விரல் அசையுமே" என்றார் சங்கிலி.

"எனக்கு இமைகூட அசையல" என்றான் பிச்சாண்டி. "கோமதிதான் எச்சில் முழுங்குனான். நான் பாத்தேன்."

"நீ என்னையப் பாத்தேன்னா, உன் கண்ணு அசைஞ்சிருக்குல்லா?"

சங்கிலி யோசித்து, தப்பு இருவர் மேலும் இருப்பதாகத் தீர்ப்புச் சொன்னார்.

"விரல் அசையலாம்யா!" என்றார் தளவாய்.

மத்தியானம் கரடி இடப்பக்கமாக வந்தது. கேமரா வலப்பக்கம் பார்த்து நின்றது. சங்கிலியின் விரல் மட்டும் அசைந்தது. பிறகு பார்த்தால், எல்லாப் படத்திலும் ஒரே புற்று. மிகத் துல்லியமான புற்று.

"கேமராவைத் திருப்பக்கூடாதா?"

"விரலுக்குத்தான சார் அனுமதி குடுத்தீங்க? கை வேற, விரல் வேறல்லா?"

தளவாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயா, கல்யாண வீட்ல எப்படி எடுப்பீங்களோ, அப்படி எடுங்கய்யா!"

மூவர் முகமும் மலர்ந்தது. "இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார் சங்கிலி.

பொழுது சாயுமுன் கரடி மறுபடி வந்தது. தளவாய் டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மூவரும் வெளியே போய்விட்டார்கள். ஸ்டாண்டு நின்றது. குடை லைட்டு விரிந்தது.

"தாயி, நாடியைக் கொஞ்சம் தூக்குங்க" என்றார் சங்கிலி.

கரடி தூக்கியது.

"ரெண்டு பக்கமும் வெறிச்சுன்னு கெடக்கே அத்தான்" என்றான் பிச்சாண்டி.

"சொந்தக்காரங்க யாரும் வரலியா?" சங்கிலி காட்டைப் பார்த்தார். யாரும் வரவில்லை. "கைப்பிள்ளைக்காரியைத் தனியா நிறுத்துனா நல்லாருக்காது. நீங்க ஆளுக்கொரு பக்கம் நில்லுங்கலே."

நின்றார்கள். தோளில் கைபோடலாமா என்று கோமதிநாயகம் கேட்டான். அவ்வளவு நெருக்கம் வேண்டாம் என்றார் சங்கிலி.

கடைசிப் படத்தில் போட்டோக்காரரையும் கூப்பிட்டு நிறுத்துவது அவர்கள் ஊர் வழக்கம். சங்கிலி டைமரை அமுக்கிவிட்டு ஓடிப்போய்ப் பிச்சாண்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

அப்போதுதான் கரடி இரண்டு காலில் எழுந்து, தான் யார் என்று சொன்னது.

தளவாய் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார். கரடி குட்டியோடு காட்டுக்குள் போயிற்று. மூவரும் மறைவுக்குள் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள்.

கேமரா தன் வேலையைச் செய்திருந்தது. படத்தில் கரடி நிமிர்ந்து நின்று நேராகப் பார்த்தது. அதன் தோளுக்கு மேல் குட்டி எட்டிப் பார்த்தது. முன்னால் மூவர் வாயைப் பிளந்து ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

சங்கிலி நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "செல்லாது. கரடியும் குட்டியும் சரியா இருக்காங்க. நாம மூணு பேரும் கண்ணை மூடிட்டோம்."

"இன்னொருக்கா கூப்பிடலாமா சார்?" என்று கேட்டான் பிச்சாண்டி.

தளவாய் வெளிவாசலைக் காட்டினார். வாசலில் மூவரும் கண்ணை அகல விழித்து, நடுவில் கரடிக்கு இடம்விட்டு, இன்னொரு படம் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் சங்கிலி இரண்டு படத்தையும் மகள்முன் வைத்தார். "இதுல கரடி இருக்கு, ஆனா செல்லாது. இதுல கரடி இல்ல, ஆனா எல்லாரும் கண்ணைத் தொறந்திருக்கோம். எதுன்னு நீயே சொல்லும்மா. அப்பா மானம் உன் கையில."

ஆவுடை இரண்டையும் பார்த்தாள். முதல் படத்தை எடுத்துக்கொண்டு, கத்தரிக்கோல் கேட்டாள். மறுநாள் கரடியையும் குட்டியையும் காட்டு விலங்குகள் அட்டையில் ஒட்டினாள். மிச்சமிருந்த மூவரை வீட்டு விலங்குகள் அட்டையில், பசுவுக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.