சடையன் வாயில் வந்த புற்று

சுனையோரக் காட்டில் சடையன் என்றொரு கரடி இருந்தான். மரம் வெட்ட வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன புகையிலையைப் பொறுக்கி மென்று பழகியவன். காலையில் இடது கன்னத்தில் ஒரு கொத்து அடக்கினால் அந்திவரை துப்ப மாட்டான்.

அந்தக் கன்னத்துக்குள் ஓர் ஊரே இருந்தது.

குண்டுமணி என்ற உருண்டைக் கிருமியும் அவள் இனத்தாரும் அங்கே குடியிருந்தார்கள். பல்லிடுக்கில் சிக்கிய மிச்சத்தைத் தின்றார்கள். யாருக்கும் தீங்கில்லை. ஈறுக்கு அடியில் நெட்டையன் என்ற நீளக் கிருமி இருந்தான். எங்கே எது அழுகினாலும் அங்கே முதல் பந்தியில் அவன்தான்.

ஊருக்குக் காவல் வெள்ளைச்சாமி என்ற வெள்ளணு. அவனுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று. எதிரே வருகிறவனைப் பார்த்து, "நம்மாளா?" என்று கேட்பான். கன்னத்தில் பிறந்தவன் என்றால் விட்டுவிடுவான். வெளியே இருந்து வந்தவன் என்றால் உதைப்பான். ஆயிரம் தலைமுறையாக அங்கேயே இருந்தும் குண்டுமணி அவனுக்கு வந்தேறிதான்!

ஒருநாள், புகையிலை அரித்துப் புண்ணாக்கிய இடத்தில் கட்டியப்பன் பிறந்தான். கன்னத்துச் சதையிலேயே பிறந்த பிள்ளை. முதல் நாள் கடுகு. அடுத்த வாரம் மிளகு. அப்புறம் சுண்டைக்காய்.

குண்டுமணி காவல் கொட்டகைக்கு ஓடினாள்.

"காவக்காரரே! அந்தக் கட்டியப்பன் நிக்காம பெருத்துக்கிட்டே போறான். அக்கம்பக்கத்துச் சோத்தையும் அவனே தின்னுடறான். என்னன்னு கேளுங்க!"

"எவ அவ? அவன் நம்மாளு! வந்தேறி நீ வந்து நம்மாள் மேல புகார் சொல்றியா?"

"தப்புன்னா தப்புதானே!"

"கன்னத்துல பொறந்த கொழந்தைடி அது!"

"கொழந்தையா? அதுக்குக் கழுத்து எங்க இருக்குன்னே தெரியலையே!"

"நல்லா சாப்பிடற கொழந்தை. போ, போ!"

அதற்குள் நெட்டையன் வந்துவிட்டான். கட்டியப்பன் ஓரத்தில் அழுகும் சதையெல்லாம் அவனுக்குத் தீனி. அந்தத் தீனி நின்றுவிடக் கூடாதே!

"அண்ணே, நின்னு நின்னு கால் கடுக்குமே! உக்காருங்க. பிடரிய அமுக்கி விடறேன்."

அமுக்கினான். வெள்ளைச்சாமிக்குக் கண் சொக்கியது. ஒவ்வொரு காவலனுக்கும் நெட்டையன் கூட்டத்தில் ஒருவன் பிடரி பிடித்தான். காவல் முழுக்கக் குறட்டை!

கட்டியப்பன் நெல்லிக்காய் ஆனான்.

வெளியே சடையனுக்கு வாய் திறக்கவில்லை. கறையான் புற்றில் வாயை வைத்து உறிஞ்ச முடியாத கரடி, கரடியா? விலா எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்ததும் கீரி வைத்தியரிடம் போனான்.

"ஆ காட்டு!"

"இதுக்கு மேல தொறக்கல வைத்தியரே."

கீரி மூக்கை நுழைத்துப் பார்த்தது. முகம் வாடியது. "சடையா, உன் வாயில புற்று வந்திருக்கு."

சடையன் துள்ளிக் குதித்தான். "புற்றா! என் வாயிலயேவா! ஒரு புற்றுக்காக மூணு மலை ஏறி எறங்கறேன். இப்ப உக்காந்த எடத்துல சாப்பாடு!"

"அடேய், இது கறையான் புற்று இல்ல. நோய்! வெட்டி எடுக்கணும். விட்டா செத்துப்போவ!"

"தெரியும்யா உன் தந்திரம்! வெட்டி எடுத்து நீ திங்கப் பாக்கற. இது என் வாயில மொளச்சது. என்னோட புற்று!"

மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். புற்றுக்கு உரமாக இருக்கட்டும் என்று இன்னொரு கொத்துப் புகையிலையும் அடக்கினான்.

உள்ளே குண்டுமணி எல்லாவற்றையும் கேட்டாள். தன் இனத்தாரைக் கூட்டினாள்.

"கரடி செத்தா காக்காய்க்கு விருந்து. நமக்கு என்ன? சுடுகாடு! எழுந்திரிங்க!"

முந்நூறு பேர் கொட்டகைக்குப் போனார்கள். யாரையும் அடிக்கவில்லை. நெட்டையன் மேல் ஏறி வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஐயோ, மூச்சு முட்டுது! எறங்குங்கடி!"

"மொதல்ல கைய எடு!"

கை பிடரியிலிருந்து விலகியது. வெள்ளைச்சாமி திடுக்கிட்டு விழித்தான். "எவன்டா கைய எடுத்தது? சுகமா இருந்துச்சே!"

"காவக்காரரே, ஒரே ஒரு தடவை கேள்வியை மாத்திக் கேளுங்க," என்றாள் குண்டுமணி. "நம்மாளான்னு கேக்காதீங்க. உனக்கு என்ன வேலைன்னு கேளுங்க!"

வெள்ளைச்சாமி கொட்டாவி விட்டபடி திரும்பினான். "தம்பி கட்டியப்பா, உனக்கு என்ன வேலை?"

"வளர்றது."

"வளர்ந்து?"

"இன்னும் வளர்றது."

"அப்புறம்?"

"உங்க கொட்டகை இருக்கே, அந்த எடமும் எனக்கு வேணும். கொஞ்சம் தள்ளிப் படுங்க!"

ஊரே பறிபோனபோது குறட்டை விட்டவனுக்கு, கொட்டகை போகிறது என்றதும் தூக்கம் தெளிந்தது! காவலர்கள் எங்கும் இப்படித்தான்.

"என் கொட்டகையவா? அடப்பாவி, நீ எந்த ஊர் நம்மாளு!"

ஊதினான் ஊதலை. பிடரி பிடித்தவர்களை உதறிவிட்டு ஆயிரம் வெள்ளணுக்கள் பாய்ந்தன. கடித்தன. கன்னம் நெருப்பாய் எரிந்தது.

சடையன் புரண்டு கத்திக்கொண்டு கீரியிடம் ஓடினான். "வைத்தியரே! புற்றுல இருக்கற கறையான் என்னையே கடிக்குது!"

"இப்பவாவது கேளு. நீ திங்கற புற்று வேற. உன்னைத் திங்கற புற்று வேற."

சடையன் யோசித்தான். கரடிக்கு யோசிக்க நேரமாகும்.

"அப்போ இதுல எனக்கு ஒரு கறையான்கூடக் கிடைக்காதா?"

"ஒண்ணுகூடக் கிடைக்காது."

"அப்ப வெட்டித் தொலை!"

கட்டியப்பன் ஆழ வேர் விட்டிருந்தான். காவலர்களால் கடிக்க முடிந்தது, பிடுங்க முடியவில்லை. கீரி மூங்கில் சிம்பைக் கூராகச் சீவி, வேரோடு தோண்டி எடுத்தது. கூடவே கன்னத்தில் பாதியும் இரண்டு பற்களும் போயின. அழுகல் இல்லாத ஊரில் நெட்டையனுக்கு வேலை இல்லை. ஈறுக்கு அடியில் போய்ப் பதுங்கினான். சடையன் புகையிலையைத் துப்பியவன் மறுபடி தொடவில்லை. வலது பக்கமாகவே கறையான் உறிஞ்சினான். பாதி சிந்தியது. மீதியைத் தின்று பிழைத்தான்.

உள்ளே வெற்றிக் கூட்டம் நடந்தது. மாலை வெள்ளைச்சாமிக்கு! குண்டுமணி கடைசி வரிசையில் நின்றாள்.

வெள்ளைச்சாமி பெருந்தன்மையோடு சொன்னான்: "நீங்க வந்தேறிங்கதான். ஆனாலும் பரவாயில்ல, இருந்துட்டுப் போங்க."

"இருக்கறதுக்கு உங்க அனுமதி எதுக்கு?" என்றாள் குண்டுமணி. "காயம் இன்னும் ஆறல. மாலையைக் கழட்டி வெச்சிட்டு ஒரு கை பிடிங்க!"

நம்மவன் என்பதற்காக நம்மைத் தின்கிறவனை வளரவிட்டால், கடைசியில் நாமும் மிஞ்ச மாட்டோம், நம்மவனும் மிஞ்ச மாட்டான்.