திரவியநாதன் சாரின் ரத்த வகை

தென்காசி ரத்ததானச் சங்கத்தில் செண்பகவல்லி டைப்பிஸ்ட். பெர்ல் என்ற கணினி மொழியைத் தானாகவே படித்துக்கொண்டவள். சங்கத்தின் நாலாயிரம் பேருக்கு அடையாள அட்டை அச்சடிக்க, அதே பெர்லில் முந்நூறு வரி புரோகிராம் எழுதித் தந்தவர் ஆலோசகர் திரவியநாதன். பெயர், ரத்த வகை என்று இடையில் கமா போட்டுச் செண்பகவல்லி அடித்த பட்டியலை, அது கமாவில் வெட்டிப் பிரித்து அட்டையில் போடும். முகாம் தொடங்க இரண்டே மணி நேரம் இருக்கும்போது பார்த்தால், பல அட்டைகளில் ரத்த வகை தப்பாக இருந்தது.

"என் புரோகிராமில் பிழை வராது. இந்தம்மா கண்ட இடத்தில் கமா போட்டிருக்கிறார். நாலாயிரத்தையும் மறுபடி அடிக்கட்டும்," என்றார் அவர்.

செயலாளர் காதர் மைதீன் பதறிப்போனார். செண்பகவல்லி ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள்.

"இது உங்கள் அட்டை சார். ரத்த வகை எம்.எஸ்ஸி. என்று வந்திருக்கிறது. படிப்பு உங்கள் ரத்தத்திலேயே ஓடுகிறது போல."

காதர் மைதீன் சிரிப்பை அடக்கத் திணறினார்.

"உங்கள் பெயரையும் பட்டத்தையும் சேர்த்து மேற்கோள் குறிக்குள்தான் அடித்தேன். குறிக்குள் இருக்கும் கமாவில் வெட்டக் கூடாது. உங்கள் புரோகிராம் எல்லாக் கமாவிலும் வெட்டுகிறது."

"அதைச் சரிசெய்ய இன்னும் முந்நூறு வரி வேண்டுமே."

"இதற்கென்றே பெர்லில் ஒரு மாட்யூல், ஏற்கெனவே எழுதிவைத்த துணைப் புரோகிராம், தயாராக இருக்கிறது சார்."

அதை அழைத்து ஐந்து வரி எழுதி ஓட்டினாள். அட்டைகள் கடகடவென்று சரியாக வந்து விழுந்தன.

"வெறும் ஐந்து வரியா?" என்றார் திரவியநாதன்.

"தப்புச் செய்ய அதற்குமேல் இடம் வைக்கவில்லை சார்."

காதர் மைதீன் திரவியநாதனின் புது அட்டையைப் படித்துவிட்டு அவர் தோளில் கை போட்டார்.

"பி நெகட்டிவ். லேசில் கிடைக்காத வகை. ரத்தம் கொடுக்க முதல் கட்டில் உங்களுக்குத்தான், வாங்க."