கும்மலாங்குடிப் பன்றிக்கு வாங்கிய வில்

கும்மலாங்குடி என்று ஓர் ஊர். பக்கத்து ஊர்க்காரர்கள் அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலை இழுத்து மூடிக்கொள்வார்கள். காற்றில் வந்து ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். அந்த ஊரில் மூளை என்பது கறிக்கடையில் மட்டும் கிடைக்கிற சாமான். அதையும் கேட்டு வாங்குகிற ஆள் கிடையாது.

அந்த ஊரில் தவசி என்றொரு சம்சாரி இருந்தான். மலையடிவாரத்தில் அவனுக்குக் கொஞ்சம் நிலம். அதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டிருந்தான். கிழங்கு விளைந்து, தோண்டுவதுதான் பாக்கி என்கிற நேரத்தில் மலையிலிருந்து ஒரு காட்டுப்பன்றி இறங்க ஆரம்பித்தது. மற்ற ஊர்களில் பன்றி இருட்டில் பதுங்கிப் பதுங்கி வரும். கும்மலாங்குடிக்கு வருவதற்கு அந்தச் சிரமமெல்லாம் தேவையில்லை என்று அது கண்டுகொண்டது. தினமும் மத்தியானம் நிதானமாக வந்து, ஒரு பாத்தியைக் கிளறித் தின்றுவிட்டு, வேலிக் கல்லில் முதுகைத் தேய்த்துக்கொண்டு போனது.

தவசிக்கு வயிறு எரிந்தது. அவன் பெண்டாட்டி அங்கம்மாள் வேற்றூரில் பிறந்து, ஏதோ போதாத காலம், இங்கே வாக்கப்பட்டவள். வீட்டுப் பின்னறையில் நெல் மூட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, கிழங்குக்கு இடம் பெருக்கி வைத்துக் காத்திருந்தாள்.

“இந்தா பாருய்யா, வருசச் சாப்பாடு இதுதான். நெல்லும் கெழங்கும் ஒண்ணா ஒரே எடத்துல வந்து சேரணும். சேரலைன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்” என்றாள்.

தவசி முதலில் வனத்துறைக்கு மனுப் போட்டான். பன்றியைச் சுடலாம் என்று அனுமதிக் கடிதம் வந்தது. பன்றி படித்துக்கொள்ளட்டும் என்று அதை வேலியில் கட்டிவைத்தான். மறுநாள் பன்றி கிழங்கோடு கடிதத்தையும் சேர்த்துத் தின்றது. கடிதம் உரியவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஊரே திருப்திப்பட்டது. ஆனாலும் பன்றி வருவதை நிறுத்தவில்லை.

விஷயம் கனடாவில் இருக்கிற தவசியின் தங்கை புருஷன் வீரணன் காதுக்குப் போனது. பத்து வயதிலேயே ஊரைவிட்டு வெளியேறியதால் தப்பித்தவன் அவன். பெரிய பார்சல் ஒன்றை அனுப்பிவைத்தான். பிரித்தால் உள்ளே ஒரு வேட்டை வில், ஆறு அம்பு. வில்லென்றால் சாமி கையில் இருக்கிற மாதிரி வளைந்த கம்பு இல்லை. கறுப்பு உலோகத்தில் செய்து, இரண்டு முனையிலும் சக்கரம் வைத்து, சக்கரத்தைச் சுற்றி நாண் ஓட்டிய நவீன வில்.

“சக்கரம் இருக்கே மாப்ள, இதை எதுக்குத் தூக்கிச் சொமக்கணும்?” என்றான் ஒச்சப்பன். இவன் தவசியின் மாமன் மகன். கோயம்புத்தூர் மில் ஒன்றில் ஆறு மாதம் வாட்ச்மேனாக இருந்தவன் என்பதால் ஊரில் இவன் சொன்னால் சொன்னதுதான். கயிறு கட்டி, தபால் ஆபீசிலிருந்து வீடுவரை வில்லைத் தெருவில் உருட்டிக்கொண்டே வந்தார்கள். வழியில் சக்கரம் சத்தம் போட்டதால் வண்டி மசகும் போட்டார்கள்.

பார்சலோடு வீரணனின் கடிதமும் இருந்தது. ‘இது வெறும் வில்தான். இதில் மாட்டுவதற்குத் துணைச் சாமான்கள் உண்டு. மதுரையில் விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும். ஆனால் கடையில் பார்த்ததையெல்லாம் வாங்கிவிடாதீர்கள்.’

தவசி, ஒச்சப்பன், தவசியின் சித்தப்பா சின்னாண்டி, மூன்று பேரும் மதுரைக்குப் போனார்கள். கடை வாசலில் சின்னாண்டி இரண்டு பேரையும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“பாத்ததை வாங்கக் கூடாதுன்னு மாப்பிள்ளை எழுதியிருக்காரு. உள்ள போனா பாத்துருவமே?”

“பாத்துட்டா போச்சு சித்தப்பு. திரும்பிப் போக வேண்டியதுதான்” என்றான் தவசி.

“பாக்காமப் போனா?” என்றான் ஒச்சப்பன்.

மில்லில் வேலை பார்த்தவன் மில்லில் வேலை பார்த்தவன்தான். மூன்று பேரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி கடைக்குள் நுழைந்து, கிரிக்கெட் மட்டை அடுக்கின்மேல் மோதி அதைச் சாய்த்தார்கள்.

கடையில் இருந்த பெண்ணின் பெயர் ஜெசிந்தா. கல்லூரி நாளில் வில் விட்டுப் பழகியவள், பொறுமைசாலி. மூன்று பேருக்கும் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று நினைத்து, ஒவ்வொரு சாமானாகக் கையில் கொடுத்து விளக்கினாள்.

“இது குறி பாக்குற வளையம். உள்ள மூணு மணி இருக்கும். பச்சை மணி இருபது கஜம், மஞ்சள் முப்பது, சிவப்பு நாப்பது. மிருகம் எத்தனை கஜத்துல நிக்குதோ அந்த மணியை வச்சு அம்பு விடணும். தூரம் தெரியாம விடவே கூடாதுங்க.”

“விட மாட்டோம் தாயி” என்றான் தவசி. வளையத்தை மார்போடு அணைத்துக்கொண்டான். கிழங்கே கைக்கு வந்துவிட்ட மாதிரி அதைத் தடவிக்கொடுத்தான்.

“இந்தக் கம்பியை வில்லுக்கு முன்னாடி மாட்டணும். கனமா இருக்குறதால வில்லு ஆடாம நிக்கும். இந்த ரப்பர் குஞ்சத்தை நாண்ல கட்டிட்டா சத்தம் வராது. மிருகம் மிரளாது.”

மூன்றையும் வாங்கிக்கொண்டு, கடையைவிட்டு வெளியே வந்து, கண்ணைத் திறந்தார்கள். வாங்கியதைப் பார்த்துவிடக் கூடாதே என்று உடனே பைக்குள் போட்டுக் கட்டினார்கள்.

ஊருக்கு வந்ததும் கம்பியைப் பற்றி ஒச்சப்பனுக்கு ஒரு யோசனை. “இவ்வளவு கனத்துக்கே ஆடாதுன்னா, இன்னும் கனமா மாட்டுனா?” அங்கம்மாள் அம்மிக் குழவியைத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது வில்லின் முன்னால் கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. வில் கொஞ்சம்கூட ஆடவில்லை. தரையைவிட்டு எழுந்தால்தானே ஆடும். அதைத் தூக்க ஒச்சப்பனும் சின்னாண்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது.

பிறகு வயலின் கிழக்கு ஓரத்தில் கம்புகளை நட்டு, உட்கார்ந்து குறி பார்க்கப் பரண் கட்டினார்கள். பரணிலிருந்து கஜம் கஜமாக அளந்து, இருபதில் பச்சை பூசிய கம்பு, முப்பதில் மஞ்சள், நாற்பதில் சிவப்பு என்று நட்டார்கள். இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தார்கள். அதனால்தான் வினையே வந்தது.

மறுநாள் மத்தியானம் மூன்று பேரும் பரணில் ஏறினார்கள். பன்றி வழக்கமான நேரத்துக்கு வந்தது. பச்சைக் கம்புக்கும் மஞ்சள் கம்புக்கும் நட்ட நடுவே நின்று கிளற ஆரம்பித்தது.

“மாப்ள, விடு!” என்று கத்தினான் ஒச்சப்பன். குஞ்சம் கட்டியாகிவிட்டது, இனி எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது என்பது அவர்கள் நம்பிக்கை.

“எந்த மணியை மாமா வைக்க? பச்சையிலயும் நிக்கல, மஞ்சள்லயும் நிக்கல.”

“ரெண்டுக்கும் நடுவுல நிக்குது” என்றார் சின்னாண்டி. “பச்சையும் மஞ்சளும் கலந்தா என்னடா வரும்?”

“கிளிப்பச்சை.”

“கிளிப்பச்சை மணி இருக்கா?”

இல்லை. ஆனால் பெயிண்ட் இருந்தது. மூன்று பேரும் பரணிலிருந்து இறங்கி, பன்றியைச் சுற்றிக்கொண்டு போய், டப்பாக்களை எடுத்து வந்து, ஒரு கொட்டாங்கச்சியில் கலக்க உட்கார்ந்தார்கள். முதலில் பச்சை கூடிப்போனது. மஞ்சளை ஊற்றினார்கள், மஞ்சள் கூடிப்போனது. சரியான கிளிப்பச்சை வந்தபோது பன்றி மூன்று பாத்தியை முடித்துவிட்டு மலையேறிப் போயிருந்தது. சின்னாண்டியின் வேட்டி மட்டும் கிளிப்பச்சை ஆகியிருந்தது.

தோண்டிப்போட்ட மண்ணைப் பார்த்துத் தவசி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பாதி வயல் போய்விட்டது. அவனைப் பார்க்கக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து பேசும்வரை.

“பன்னி மேல தப்பு இல்ல மாமா. கெழங்கு வயல் பூரா கெடக்கு. அதான் கண்ட எடத்துல நிக்குது. கெழங்கு பச்சைக் கம்புகிட்ட மட்டும் இருந்தா, அது வேற எங்க போய் நிக்கும்?”

ஒச்சப்பன் எழுந்து வந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “இந்தப் புத்தி மில்லு மொதலாளிக்கே கெடையாது மாப்ள!”

மறுநாள் விடிந்ததும் ஊர் மொத்தமும் மண்வெட்டியோடு வயலில் இறங்கியது. மிச்சமிருந்த கிழங்கில் ஒன்று விடாமல் தோண்டி, மண் தட்டி, கொடி நறுக்கி, பச்சைக் கம்பு அடியில் ஆள் உயரத்துக்குக் குவித்தார்கள். அவ்வளவு பாங்காக அந்த ஊரில் அதற்குமுன் எந்த அறுவடையும் நடந்ததில்லை.

சேதி கேட்டு அங்கம்மாள் மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு ஓடிவந்தாள். குவியலைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. “இப்பவாச்சும் புத்தி வந்துச்சே. ஏத்துங்கய்யா, வீட்டுக்குக் கொண்டு போயிருவோம்.”

“தொடாத!” என்று பரணிலிருந்து அலறினான் தவசி. “அது பன்னிக்கு வச்சது!”

“என்னது?”

“கெழங்கைக் காப்பாத்த வேண்டாமா? அங்கிட்டுத் தள்ளி நில்லு!”

அங்கம்மாள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். பரணில் தவசி கவலையோடு நாணைத் தடவிப் பார்த்தான். “குஞ்சம் கட்டியிருக்கே மாமா, இவ சத்தம் மட்டும் எப்படிக் கேக்குது?”

“கள்ளச் சாமானா இருக்கும்” என்றான் ஒச்சப்பன்.

மத்தியானம் பன்றி வந்தது. இத்தனை நாள் மண்ணைக் கிளறித் தின்ற கிழங்கு, கழுவாத குறையாக ஒரே இடத்தில் குவிந்து கிடப்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் அதற்கே சந்தேகம் வந்து நின்றது. பிறகு நேரே பச்சைக் கம்புக்குப் போனது. சரியாக இருபது கஜம். ஒச்சப்பனும் சின்னாண்டியும் குழவியைத் தூக்கிப் பிடித்தார்கள். தவசி நாணை இழுத்து வளையத்துக்குள் பார்த்தான்.

“பன்னியைக் காணமே!”

பன்றி குவியலுக்குப் பின்னால் நின்றது. வளையத்துக்குள் கிழங்குதான் தெரிந்தது.

“பதறாத. திங்கத் திங்க குவியல் எறங்கும். எறங்குனாப் பன்னி தெரியும்” என்றார் சின்னாண்டி.

ஆகவே காத்திருந்தார்கள். ஆள் உயரக் குவியல் இடுப்பளவு ஆனது. பன்றி காது தெரிந்தது. “நல்லாத் தின்னு, சீக்கிரம் தின்னு” என்று தவசி மேலே இருந்து கெஞ்சினான். ஓர் இடத்தில் பன்றி சலித்துப்போய் நிறுத்தியபோது அவனுக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, ஏப்பம் விட்டுவிட்டு மறுபடியும் ஆரம்பித்தது. முழங்கால் அளவு ஆனது. கணுக்கால் அளவு ஆனது. கடைசிக் கிழங்கையும் மென்று விழுங்கிவிட்டு, நகர முடியாமல், பச்சைக் கம்பிலேயே சாய்ந்து பன்றி தூங்கிப்போனது.

இப்போது முழுப் பன்றியும் தெரிந்தது. தூரம் சரி, மணி சரி, மிருகம் அசையவில்லை. தவசி பச்சை மணியைப் பன்றியின் உப்பிய வயிற்றில் வைத்தான்.

“ஒரு நிமிசம் மாப்ள” என்றான் ஒச்சப்பன். “இப்ப எதுக்கு அம்பு விடுறோம்?”

“கெழங்கைக் காப்பாத்த மாமா.”

“கெழங்கு இப்ப எங்க இருக்கு?”

தவசி வளையத்தைவிட்டுக் கண்ணை எடுத்தான். “பன்னிக்குள்ள.”

“எந்த எடத்துல குறி வச்சிருக்க?”

தவசி பதறிப்போய் நாணைத் தளர்த்தினான். குழவி மட்டும் இல்லாவிட்டால் வில்லே ஆடியிருக்கும். “ஐயய்யோ! பூராக் கெழங்குலயும் அம்பு பாஞ்சிருக்குமே!”

“நல்லவேளை தடுத்தான்” என்றார் சின்னாண்டி. “ஒரு வருசச் சாப்பாடுடா!”

தவசி அழுதுவிட்டான். கிழங்கு தப்பியதே என்ற ஆனந்தக் கண்ணீர். மூன்று பேரும் இறங்கி வந்து, வண்டியில் வைக்கோல் மெத்தை போட்டு, ஊரைக் கூட்டிப் பன்றியைத் தூக்கினார்கள். “மெல்ல, மெல்ல, கெழங்கு அடிபடாமத் தூக்குங்கய்யா!” என்று தவசி கூடவே ஓடினான். அது வீடு வந்து சேரும்வரை விழிக்கவில்லை. கிழங்குக்கென்று பெருக்கி வைத்திருந்த பின்னறையில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் அதைப் படுக்கவைத்து, கதவைப் பூட்டினார்கள்.

அங்கம்மாள் அடுத்த பஸ்ஸில் ஏறி, ஜன்னலை மூடிக்கொண்டு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

தவசி அறை வாசலில் வில்லோடு மூன்று நாள் காவல் இருந்தான். யாரும் கிட்டே வரவில்லை. நாலாவது நாள் காலையில் கதவைத் திறந்து பார்த்தான். சாக்குகள் காலியாகக் கிடந்தன. ஒரு மணி நெல் இல்லை. அறையின் நடுவே, முன்னைவிட இன்னும் கொழுத்து, பன்றி படுத்திருந்தது.

தவசி சாக்குகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தான். பிறகு அவன் முகம் பிரகாசமானது. “மாமா! ஓடியா! அங்கம்மா கேட்டது நடந்துபோச்சு! நெல்லும் கெழங்கும் ஒரே எடத்துல வந்து சேந்துருச்சு!”

அன்றைக்கே பெண்டாட்டியைக் கூப்பிட்டுவரப் புறப்பட்டான். சொன்னால் நம்ப மாட்டாள் என்று, கணக்குக் காட்டப் பன்றியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டான்.