போடிமெட்டுக்குப் போன கார்

"ஹஜரத், நான் செஞ்சதுல என்ன தப்பு?"

போடியைத் தாண்டியதிலிருந்து சிக்கந்தர் ராவுத்தர் இதையேதான் கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது. இன்னொரு கை காற்றில் வாதாடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த ஹஜரத் அவரைவிட இளையவர். பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்க வருமுன் வேன் ஓட்டியவர். ராவுத்தர் அவரைத்தான் குருவாக ஏற்றிருந்தார்.

மனைவி மௌத்தான அன்று மழை. மலைப்பாதையில் மண் சரிந்திருந்தது. மகள் ஜன்னத் மேலே போடிமெட்டில் மாட்டிக்கொண்டாள். ராவுத்தர் காத்திருக்கவில்லை. சரிவைத் தாண்டி அவள் வந்து சேர்ந்தபோது, அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அன்றோடு அவள் அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"மையத்தைக் காக்க வைக்கக் கூடாது, சீக்கிரம் அடக்கிடணும். நீங்கதானே சொல்வீங்க? அதை அவளுக்கு நீங்களே எடுத்துச் சொல்லணும். அதுக்குத்தான் உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

"முள்ளைப் பாருங்க" என்றார் ஹஜரத்.

சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டிருந்தது.

வளைவில் இடம் பார்த்து நிறுத்தினார்கள். பானெட்டைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை.

ராவுத்தர் துண்டைச் சுருட்டிக்கொண்டு மூடியைத் திறக்கப் போனார். ஹஜரத் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இப்பத் திறந்தா கொதிதண்ணி மூஞ்சியில அடிக்கும்."

"எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"அது ஆறுற வரைக்கும்."

ராவுத்தரால் நிற்க முடியவில்லை. காரைச் சுற்றி நடந்தார். டயரை உதைத்தார். ஃபோனை எடுத்துப் பார்த்துத் திரும்பப் பையில் போட்டார். ஹஜரத் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, கீழே தெரிந்த மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக எஞ்சின் ஆறியது. மூடியைத் திறந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாம் ஊற்றினார்கள்.

"ஃபேன் இல்லாம மலை ஏறுமா ஹஜரத்? திரும்பிடலாமா?"

"மெதுவா ஏறுங்க."

கொஞ்ச தூரம் போனதும் முள் மறுபடி கிளம்பியது. ஹஜரத் கையை நீட்டி ஹீட்டரை முழுக்கத் திருப்பிவிட்டார்.

அனல் குபுகுபுவென்று உள்ளே வந்தது.

"என்ன இது! வெந்துபோயிடுவோம்!"

"எஞ்சின் சூடு எங்கயாவது போகணும்ல."

"அதுக்கு நம்ம மேலயா?"

"வண்டியில வேற யார் இருக்கா?"

ஜன்னல்களை இறக்கினார்கள். ஆனாலும் முகம் எரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. ராவுத்தரின் கை இரண்டு தடவை ஹீட்டர் திருகை நோக்கிப் போய்த் திரும்பியது.

முள் தயங்கியது. அப்புறம், வளைவுக்கு வளைவு, இறங்க ஆரம்பித்தது.

அதைப் பார்த்த பிறகு ராவுத்தர் எதுவும் கேட்கவில்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தார்.

ஜன்னத்தின் வீடு ஏலக்காய்த் தோட்டத்தை ஒட்டி இருந்தது. கார் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள். தகப்பனைப் பார்த்தும் வாங்க என்று சொல்லவில்லை.

"எதுக்கு வந்தீங்க?"

"ஜன்னத்து, மையத்தை வந்து..." என்று தொடங்கிய ராவுத்தர், எடுத்துச் சொல்வார் என்று ஹஜரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

ஹஜரத் தோட்டத்துக் குழாயடிக்குப் போய்விட்டிருந்தார்.

"என் அம்மா முகத்தைக் கடைசியா ஒருதரம் பார்க்க விடலையே அத்தா! பாதி வழி மண்ணுலயும் சேத்துலயும் நடந்து வந்தேனே! ஊரே சொல்லியும் கேக்கலையாமே நீங்க! யாரு உங்களைத் துரத்துனா?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பதில்கள் ராவுத்தரின் நாக்குக்கு வந்தன. விழுங்கினார்.

அவள் நிறுத்தவில்லை. அம்மாவின் ஆஸ்பத்திரி நாட்களைச் சொன்னாள். தனக்குச் சொல்லாமல் மறைத்ததைச் சொன்னாள். அழுதாள். அழுதுகொண்டே மறுபடி திட்டினாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

கடைசியில் மூச்சு வாங்கினாள்.

"ஏன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறீங்க?"

"இன்னும் இருக்காம்மா?"

ஜன்னத் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கு."

ராவுத்தர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"சொல்லு."