ஊற்றுக்குக் காவல் வைத்த யானை

மலையடிவாரக் காட்டில் ஆறு வற்றிப்போய் வெறும் மணல் கிடந்தது. முயலும் மயிலும் சருகுமானும் மணலை மோந்து மோந்து அலைந்தன. எங்கும் ஈரமே இல்லை.

மேல்மலையில் மழைக்குக் குறைவில்லை. அங்கே வாழ்ந்த யானைக் கூட்டத்துக்குத் தலைவி ஒரு கிழட்டு யானை. காட்டில் எல்லாரும் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கீழே உயிர்கள் தவிக்கும் செய்தி அவள் காதுக்கு எட்டியது. உடனே இறங்கி வந்தாள். காலால் மணலைக் கிளறினாள், துதிக்கையால் அள்ளி வீசினாள். ஆற்றின் நடுவே பெரிய ஊற்று ஒன்று திறந்தது!

"இது எல்லாருக்கும் பொது! மணல் சரியாம யாராவது பாத்துக்கணும். யார் பாத்துக்கிறீங்க?" என்று கேட்டாள்.

சின்னப் பிராணிகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. அதற்குள் கழுதைப்புலி முன்னால் வந்து, முன்காலை மடித்துக் கும்பிட்டது.

"நான் இருக்கேன் பெரியம்மா! உயிரைக் கொடுத்துக் காவல் காக்கிறேன்!"

பெரியம்மாவுக்கு மலைக்குத் திரும்பும் அவசரம். கும்பிட்டவன் நல்லவன் என்று நினைத்துவிட்டாள். யானைக்கு உடம்புதான் பெரிது. பேச்சில் மயங்குவதில் அவளும் நம்மைப் போலத்தான்!

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! பெரியம்மாவின் தலை மறைந்ததும் கழுதைப்புலியின் குரல் மாறியது.

"வரிசையில வாங்க! ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். ஆளுக்கு ரெண்டு வாய் தண்ணி, அவ்வளவுதான்!"

அதன் அண்ணன் தம்பிகளோ ஊற்றுக்குள்ளேயே படுத்துப் புரண்டன. அதையும் எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். ரெண்டு வாயாவது கிடைக்கிறதே என்று நினைத்தார்கள்.

ஒரு நாள் கழுதைப்புலி இன்னொன்று சொன்னது. "மணல் சரியுது. வேலைக்கு ஆள் பத்தலை. தண்ணி வேணும்னா குடும்பத்துக்கு ஒரு குட்டியை இங்க விட்டுட்டுப் போங்க."

முயல் தன் குட்டியை விட்டது. மயில் தன் குஞ்சை விட்டது. சருகுமான் தன் இரட்டைக் குட்டிகளில் மூத்தவளை விட்டது. குட்டிகள் மேல்கரைக்கு நடந்து போயின. திரும்பி வரவில்லை.

"என் குட்டி எப்ப வரும் ஐயா?" என்று முயல் கேட்டது.

"வேலை நல்லா பழகிட்டான். மேல்கரையில இருக்கான்" என்றது கழுதைப்புலி, பல்லைக் குத்திக்கொண்டே.

அதன்பிறகு யாரும் எதையும் கேட்கவில்லை. வரிசையில் நிற்கும்போது புதருக்குப் பின்னால் எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்கும். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு தங்கள் ரெண்டு வாயைக் குடித்துவிட்டு ஓடுவார்கள். அப்படி ஒரு பயம்!

குட்டி கொடுக்கும் முறை மறுபடியும் சருகுமானுக்கு வந்தது.

"சின்னவனையும் கொண்டு வா! இல்லேன்னா தண்ணி கிடையாது!"

சருகுமான் வீடு திரும்பியது. இருந்த ஒரே குட்டியை மரப்பொந்தில் ஒளித்து வைத்தது. ஊற்றுப் பக்கமே போகவில்லை. குட்டி இலைகளை நக்கி நக்கிப் பார்த்தது. கொடுத்தால் குட்டி போய்விடும். கொடுக்காவிட்டாலும் தாகத்தில் குட்டி போய்விடும். தாய் என்ன செய்யும், பாவம்!

அந்தச் சமயத்தில்தான் பெரியம்மா பார்வையிட வருகிறாள் என்று செய்தி வந்தது. கழுதைப்புலி எல்லாரையும் குட்டிகளோடு கூட்டியது. பெரியம்மா வரும் நேரத்தில் ஆபத்தில்லை என்று நினைத்து, சருகுமானும் தன் குட்டியைப் பொந்திலிருந்து கூட்டி வந்தது.

"பெரியம்மா கேட்டா என்ன சொல்லணும்?"

"வயிறு நிறையக் குடிக்கிறோம்னு சொல்லணும் ஐயா!"

"நல்லது. அவங்க வந்துட்டுப் போயிருவாங்க. நான் இங்கதான் இருப்பேன்." இதை அது மிகவும் மெதுவாகச் சொன்னது. முயல் மீதிக் குட்டிகளைத் தன் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது.

பெரியம்மா வந்தாள். ஊற்றோரமாக நின்றாள். பக்கத்திலேயே கழுதைப்புலியும் நின்றது.

"எல்லாருக்கும் தண்ணி கிடைக்குதா?"

"கிடைக்குது பெரியம்மா!"

"ஏதாவது குறை இருக்கா?"

"ஒரு குறையும் இல்லை பெரியம்மா!"

பெரியம்மா பூரித்துப்போனாள். திருடனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, திருட்டு உண்டா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

யானைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. குட்டிகளைக் கண்டால் அவற்றின் வாய்க்குள் துதிக்கை நுனியை வைத்துக் கொஞ்சும். கூட்டத்தின் ஓரத்தில் தாயின் காலடியில் நின்ற சருகுமான் குட்டியைப் பெரியம்மா பார்த்தாள். "வாடா கண்ணு!" என்று துதிக்கையை நீட்டினாள்.

"வேண்டாம் பெரியம்மா! அதுக்கு நோய்!" என்று கழுதைப்புலி பாய்ந்து வந்தது.

அதற்குள் துதிக்கை குட்டியின் நாக்கைத் தொட்டுவிட்டது. நாக்கு மரப்பட்டை மாதிரி காய்ந்து கிடந்தது.

பெரியம்மா முயலின் வாயைத் தொட்டாள். அதுவும் காய்ந்திருந்தது. மயிலின் அலகைத் தொட்டாள். அங்கேயும் ஈரமில்லை. கடைசியாகத் துதிக்கையைக் கழுதைப்புலியின் வாய்ப்பக்கம் கொண்டுபோனாள். அங்கே ஈரம் சொட்டியது. கூடவே பால் குடிக்கும் குட்டிகளின் வாடையும் வந்தது.

பெரியம்மா பிளிறினாள்! காடே அதிர்ந்தது. கழுதைப்புலியும் அதன் அண்ணன் தம்பிகளும் புதருக்குள் பாய்ந்து ஓடின.

ஆனால் யாரும் மகிழ்ச்சியில் துள்ளவில்லை. முன்னைவிட அதிகமாக நடுங்கினார்கள்.

"அதான் ஓடிட்டானே! இன்னும் ஏன் நடுங்குறீங்க?"

சருகுமான்தான் வாய் திறந்தது. "நீங்க மலையேறினதும் வந்துருவான் பெரியம்மா. அவன் வரலைன்னா அவன் தம்பி வருவான். ஊற்று ஒண்ணுதானே? அது ஒண்ணா இருக்கிறவரைக்கும் அதுக்கு மேல எவனாவது நிப்பான். தோண்டுறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

பெரியம்மாவின் காதுகள் தொங்கிவிட்டன. இத்தனை நாளும் கழுதைப்புலிக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

"தப்புதான் தாயி. இப்ப சொல்லுங்க. எங்கெங்க தோண்டணும்?"

முயல் தன் வளையை ஒட்டிய மணலைக் காட்டியது. மயில் ஆற்று வளைவைக் காட்டியது. சருகுமான் புதர் அடர்ந்த கரையைக் காட்டியது. பெரியம்மா ஆறு நெடுக சின்னச் சின்ன ஊற்றுகளாகத் தோண்டிக்கொண்டே போனாள். சரியும் மணலை அந்தந்தக் குடும்பமே காலால் தள்ளிக்கொண்டது. தூரத்தில் நின்ற கழுதைப்புலி எந்த ஊற்றுக்கு மேல் நிற்பது என்று தெரியாமல் விழித்தது.

சருகுமான் குட்டி வயிறு முட்டக் குடித்தது. பிறகு தலையைத் தூக்கி, "அம்மா, அக்காவுக்குக் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டது.

தாய் அதன் தலையை நக்கிக்கொடுத்தது. மலைப்பக்கம் திரும்பிய பெரியம்மாவின் காதிலும் அது விழுந்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நீதி: உதவி செய்தால் மட்டும் போதாது, அது யார் வாய்க்குப் போய்ச் சேருகிறது என்பதை, பெறுகிறவர்களிடமே, அவர்கள் பயமில்லாமல் பேசும் இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும்.