முடிச்சு விட்டுப்போன நூல்

அந்தக் காலத்தில் மீனும் தவளையும் பேசியது இருக்கட்டும், கண்ணுக்கே தெரியாத நாங்களும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். நாங்கள் என்றால் பாக்டீரியாக்கள். கிருமி என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது எங்கள் குலப்பெருமை.

அல்லிக்குட்டைச் சேற்றில் எங்கள் மூதாய் வண்டலி வாழ்ந்தாள். அவள் உடம்பே ஓர் அறைதான். ஆனால் உள்ளே வேலைக்காரர்கள் ஏராளம். நீங்கள் அவர்களை நொதிகள் என்பீர்கள். அவர்களில் அறுப்பான் உணவிலிருந்து ஒரு துண்டை நறுக்கித் தருவான். கோப்பாள் அதை வாங்கி, உடம்புக்கு ஆகும்படி இன்னொன்றோடு கோத்துவிடுவாள். இரண்டு அறுப்பானும் இரண்டு கோப்பாளும் மாறி மாறி வட்டமாக நின்று வேலை செய்வார்கள். அந்த வட்டத்தை அரைச்சுற்று திருப்பிப் பார்த்தாலும் எதுவும் மாறியதாகவே தெரியாது. அவ்வளவு ஒழுங்கு.

ஒரு கோடையில் குட்டை வற்றிச் சேறு கொதித்தது. சூட்டில் வட்டம் கலைந்து அறுப்பான் ஒரு மூலைக்கும் கோப்பாள் ஒரு மூலைக்கும் போனார்கள். அறுத்த துண்டு கை மாறுவதற்குள் சுவர் வழியாக வெளியே நழுவியது. கிடைத்த கொஞ்ச உணவும் இப்படி வீணானால் யார் பிழைப்பது? அந்த நேரம் பார்த்து வண்டலி இரண்டாகப் பிரிந்து ஒரு மகளைத் தரவேண்டிய நாளும் வந்தது.

எந்த வேலைக்காரனை எப்படிச் செய்வது என்பதெல்லாம் ஜீன்களாலான நூலில் இருக்கிறது. அறுப்பானின் பகுதியும் கோப்பாளின் பகுதியும் அதில் அடுத்தடுத்து இருந்தன, நடுவில் ஒரு முடிச்சு. முடிச்சு வந்தால் ஓர் ஆள் முடிந்தான், அடுத்த ஆளைத் தனியாகத் தொடங்கு என்று பொருள். பிரிவதற்கு முன் அதைப் பார்த்து இன்னொரு நூல் திரிப்பது நூலாண்டியின் வேலை. தன் கை தவறவே தவறாது என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அன்று அந்த முடிச்சைப் போடாமலே தாண்டிப் போய்விட்டான்.

ஆனாலும் மறைக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றான். "ஆத்தா, ஒரு முடிச்ச விட்டுட்டேன். திரும்பத் திரிக்க நேரமில்ல."

தவறிய நூலை வைத்துக்கொண்டு பிழைக்க முடியுமா என்று வண்டலிக்குத் தெரியாது.

"நல்ல நூல எம்மகளுக்குக் குடுத்துரு. தப்புன நூல் எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள்.

தாயும் மகளும் பிரிந்தார்கள். வண்டலியின் அறையில் அதன்பின் அந்த நூல்படி பிறந்த வேலைக்காரன், நடுவில் முடிச்சு இல்லாததால், ஒரே ஆளாக வந்தான்: ஒரு பக்கம் அறுப்பான், மறுபக்கம் கோப்பாள். பழைய வேலைக்காரர்கள் கேலி செய்து தீர்த்தார்கள். அவனோ ஒரு கையால் அறுத்ததை மறு கையால் வாங்கிக் கோத்தான். ஒரு துண்டும் நழுவவில்லை. அவனைப் போலவே இன்னொருவன் வந்து அவனோடு எதிரும் புதிருமாகச் சேர்ந்து நின்றான். அரைச்சுற்று திருப்பிப் பார்த்தார்கள். அதே பழைய வட்டம். நால்வர் நின்ற இடத்தில் இப்போது இருவர், சூட்டிலும் கலையாமல். கேலி செய்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

பக்கத்திலேயே மகள் நல்ல நூல் இருந்தும், சூட்டில் கலைந்த வட்டத்தோடு வாடிக்கொண்டிருந்தாள். வண்டலி நூலாண்டியை அழைத்து, மகளுக்காக அந்தத் தவறிய பகுதியையே திரிக்கச் சொன்னாள்.

"இந்தத் தடவ தெரிஞ்சே முடிச்ச விடணுமா, ஆத்தா?" என்று கேட்டான்.

"தெரிஞ்சே விடு" என்றாள்.

தன் உடம்பிலிருந்து ஒரு மெல்லிய குழாயை நீட்டி, அந்த நூலை மகளுக்குள் அனுப்பினாள். மகள் பிழைத்தாள். நாங்களெல்லாம் அவள் வழி வந்தவர்கள்.

அன்று முதல்தான் எங்களில் பல வீடுகளில் இரண்டு வேலையை ஒரே ஆள் பார்க்கிறான், இருவர் சேர்ந்தாலே வட்டம் நிறைந்துவிடுகிறது. நூலாண்டியின் வம்சத்தார் இன்றும் எப்போதாவது ஒரு முடிச்சை விட்டுவிட்டுத் தலைகுனிந்து வந்து நிற்பார்கள். நாங்கள் அவர்களைத் திட்டுவதில்லை.