ஏற்றத்தில் வழுக்கும் இன்ஜின்

"தேறுமா, டீச்சர்?" என்று கேட்டார் கோதண்டபாணி.

"எது?" என்றாள் எழிலரசி.

அவர் மடியில் இருந்த அட்டைப்பெட்டியைத் தொட்டுக் காட்டினார். உள்ளே ஒரு புது மாடல் இன்ஜின். மலை ரயில்களுக்குப் போடுகிற ஒடுக்கமான பாதையில், நேரோ கேஜில், ஓடும் நீராவி இன்ஜினின் சின்ன உருவம். உள்ளங்கையில் அடங்கும்.

அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. அவருடைய சட்டையைப் பார்த்தாள். பித்தான்கள் ஒரு துளை மாறிப் போட்டிருந்தன.

"மரகதம் அம்மா எப்படி இருக்காங்க?"

"அப்படியேதான்."

மரகதம் அவருடைய மனைவி. அடிவாரத்து ஊரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூளையில் ரத்தம் கசிந்து விழுந்தவள் பிறகு கண் திறக்கவில்லை. ஒரு மெஷின் அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இனி எழ மாட்டாள் என்று டாக்டர் அன்று காலையில் சொல்லிவிட்டார். மெஷினை எடுப்பதா வைத்திருப்பதா என்று வீட்டார்தான் சொல்ல வேண்டும் என்றார். மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சொல்வதுதான் என்றாள்.

ஒரு வேலை இருக்கிறது, போய்விட்டு வந்து சொல்கிறேன் என்று அப்பா மலைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

இன்ஜினுக்குச் சொல்லிவைத்தவள் மரகதம்தான். அவருடைய பிறந்தநாளுக்கு. அவள் விழுந்த பிறகு அது வந்து சேர்ந்தது. அவர் இன்னும் பிரிக்கவில்லை.

எழிலரசிக்கு அவர் மகள் வயதுதான். ஒரு காலத்தில் கல்லூரியில் மின்பொறியியல் நடத்தியவள். இப்போது அவள் வீட்டில் சாப்பாட்டு மேஜை இருக்க வேண்டிய இடத்தில் காகிதக்கூழால் ஆன ஒரு மலை இருந்தது. அதைச் சுற்றி ஏறி இறங்கும் தண்டவாளம்.

மாடல் இன்ஜின் செய்கிறவர்கள் அவள் வாய்க்குப் பயந்தார்கள். யாரோ பெருமையாகக் கொண்டுவந்த கனமான இன்ஜின் ஒன்றை, இஸ்திரிப் பெட்டிக்குச் சக்கரம் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு யாரும் அதை வேறு பெயரில் கூப்பிடவில்லை.

கோதண்டபாணி ஓய்வுபெற்ற பின் அவளிடம் பாடம் கேட்க வந்தவர். ஒரு இன்ஜினை எப்படிப் பார்ப்பது என்பதுதான் பாடம். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள். அப்படியானால் இதில் யார்தான் மாணவர் என்று மரகதம் கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள்.

"பிரிங்க" என்றாள் எழிலரசி.

"நீங்களே பிரிச்சிடுங்க."

"உங்களுக்கு வந்தது, சார்."

அவர் பிரித்தார். கரும்பச்சை நிறம். செம்பில் ஒரு புகைபோக்கி. கதவோரம் ஒரு டிரைவர், வெளியே எட்டிப் பார்த்தபடி. கோதண்டபாணி அந்த டிரைவரின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கண் வரையவில்லை. அவ்வளவு சின்ன முகத்தில் வரைய மாட்டார்கள்.

இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தார். மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைச் சிறிது திருப்பினார். வேகத்தை எந்த இன்ஜினும் காட்டிவிடும், மெதுவைத்தான் பார்க்க வேண்டும் என்பது எழிலரசியின் முதல் பாடம். எறும்பு முந்திக்கொண்டு போக வேண்டும் என்பாள்.

இன்ஜின் நகர்ந்தது. நகர்ந்ததா என்று சந்தேகப்படும்படி நகர்ந்தது. திக்கவில்லை. துள்ளவில்லை. சக்கரத்தின் ஒவ்வொரு ஆரக்காலும் தனித்தனியாகத் தெரிந்தது.

"பார்த்துத்தான் வாங்கியிருக்காங்க" என்றாள் அவள்.

அவருடைய முகத்தில் ஏதோ வந்து, நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

பிறகு ரயில் பெட்டிகளை மாட்டச் சொன்னாள். காப்பி போட்டுக்கொண்டு வருகிறேன், அதற்குள் ஏற்றத்தில் விட்டுப் பாருங்கள் என்று உள்ளே போனாள்.

அவர் ஒரு பெட்டியை மாட்டினார். இன்ஜின் ஏறியது. இன்னொன்றை மாட்டினார். ஏறியது. இது போதும் என்று தெரிந்தும் இன்னும் மாட்டினார். மலையின் வளைவில், ஏற்றம் செங்குத்தாகும் இடத்தில், வண்டி நின்றது. சக்கரங்கள் மட்டும் சுற்றின. வண்டி மெல்லப் பின்னுக்கு வழுக்கப் பார்த்தது.

"இழுக்குதா, சார்?" அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"இழுத்துக்கிட்டுதான் இருக்கு."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

அடுக்களையில் டம்ளர் சத்தம் நின்றது.

அவள் வெளியே வந்தபோது கோதண்டபாணி மலையின்மேல் குனிந்திருந்தார். அவருடைய ஆள்காட்டி விரல் இன்ஜினின் கூரையை அழுத்திக்கொண்டிருந்தது. சக்கரங்கள் இப்போது சுற்றவில்லை. இன்ஜினுக்குள் ஒரு முனகல் கேட்டது.

"என்ன சார் பண்றீங்க?"

"ஒரு குறை இருக்கு, டீச்சர். ஏத்தத்துல வழுக்குது. கனம் பத்தலை. இப்படி அமுக்கினா பிடிச்சுக்குது."

"வண்டி போகுதா?"

"போகலை. ஆனா வழுக்கலை."

அவள் காப்பியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். திருகு அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"சுடுதா?"

"கொஞ்சம்."

"இப்போ?"

"சுடுது. பரவாயில்லை."

"உங்களுக்குப் பரவாயில்லை" என்றாள்.

எண்ணெய் கருகும் வாசனை லேசாக எழுந்தது. அவர் விரலை எடுக்கவில்லை. அவள் பக்கம் திரும்பாமலே, வழுக்குவது குறைதானே, போன தடவை பார்த்த இன்ஜினுக்கு நீங்கள்தானே அப்படிச் சொன்னீர்கள் என்று வாதாடினார். குரல் வகுப்பறையில் தோற்றுக்கொண்டிருக்கும் மாணவனின் குரலாக இருந்தது.

அது சமதளத்தில் வழுக்கிய இன்ஜின் என்றாள் அவள். பிறகு, பாடம் சொல்லும் அதே குரலில் சொன்னாள்:

"சக்கரம் வழுக்குற வரைக்கும் மோட்டார் சுத்தும். சுமை தாங்காதப்போ வழுக்க விடாம பிடிச்சா, உள்ளேயே எரிஞ்சு போகும். செஞ்சவங்க தெரிஞ்சுதான் கனத்தைக் குறைச்சு வெச்சிருக்காங்க, சார்."

முனகல் தொடர்ந்தது.

"எடுத்தா பின்னாடி வந்துடுமே" என்றார்.

"வரும்."

"நான் பிடிச்சுக்கிட்டே இருந்தா?"

ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கி, எதிர் மலை இல்லாமல் போயிருந்தது. காப்பியில் ஆடை படிந்தது.

கருகும் வாசனை கூடியது.

பிறகு அவர் விரலை எடுத்தார்.

சக்கரங்கள் சட்டென்று சுற்றின. முனகல் தேய்ந்து மெல்லிய ரீங்காரம் ஆனது. பெட்டிகள் பின்னோக்கி வழுக்கத் தொடங்கின. அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக, இன்ஜினையும் கூட்டிக்கொண்டு, வளைவைத் தாண்டி இறங்கின. சமதளத்துக்கு வந்து நின்றன. ஒன்றும் கவிழவில்லை.

திருகை மூடியது அவர்தான்.

அந்த அறைக்குள் இவ்வளவு அமைதி இருந்ததை அவர் அறிந்ததில்லை. நுனி சிவந்திருந்த விரலை இன்னொரு கையால் மூடிக்கொண்டு, நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அழுவதற்கு வேண்டியதும் தீர்ந்துபோனவர் போல இருந்தார். எழிலரசி சற்றுத் தள்ளி அவளும் தரையில் உட்கார்ந்தாள். காப்பியை யாரும் எடுக்கவில்லை.

கடைசியில் அவர் எழுந்தார். இன்ஜினைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். சட்டைப் பித்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட முயன்று, பாதியில் விட்டுவிட்டார். கீழே போகும் பஸ் வளைவில் ஹாரன் அடித்தது.

வாசலில் நின்று திரும்பினார்.

"டாக்டர் காத்துக்கிட்டிருப்பார். நான் என்ன சொல்லட்டும், டீச்சர்?"

"முதல்ல மரகதம் அம்மாகிட்ட சொல்லுங்க."

"என்னன்னு?"

"இன்ஜின் ரொம்ப நல்லா இருக்குன்னு."